மழைக்கு ஒதுங்கியவர்களின் இலக்கியம்

நடைப்பயணக் கட்டுரைக்கென்று தமிழில் ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. பத்து நாள் நடப்பார்கள். பதினொன்றாம் நாள் மழை பிடித்துக்கொள்ளும். அன்று நடையில்லை. ஏதேனுமொரு மீனவக் குப்பத்தின் தேநீர்க் கடையில் ஒதுங்கி, ஈரத்துணியைக் காயப்போட்டு, காலம் உறைந்து நின்றதாக எழுதுவார்கள். கரையேற்றிய படகுகள் உறங்கும். கிழவர் ஒருவர் வலை பழுதுபார்ப்பார். அவர் கண்ணில் கடல் தெரியும். அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது. பழவேற்காட்டையும் ஏரிக்கு அப்பாலுள்ள லைட்ஹவுஸ் குப்பத்தையும் பற்றி அண்மையில் நாம் வாசிக்க நேர்ந்தவை பெரும்பாலும் இவ்வச்சில் வார்த்தவையே. மொழிநடையில் குறைசொல்ல ஏதுமில்லை. நம் பூசல் அவற்றில் தவறாது இடம்பெறும் 'ஓய்வு நாள்' என்னும் சொல்லோடு.

யாருக்கு ஓய்வு? வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை வந்தால் ஃபைபர் படகு கரையேறும். அன்றைய வருமானமும் அதோடு போகும். மழை மாதங்களில் மீன்பிடிப்பு குறைவதை ஒப்புக்கொண்டு அரசே மீனவக் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. கருவூலத்துக்குத் தெரிந்த செய்தி கவிஞருக்குத் தெரியாமற்போவது வியப்புத்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாள்களிலும் கடலுக்குப் போகாதீர் என்ற அறிவிப்பு வருகிறது. அதையும் யாரேனும் ஓய்வு என்றெழுதக்கூடும்.

இவர்கள் கடலையே பார்த்துக்கொண்டிருப்பதால் முதுகுக்குப் பின்னாலுள்ள நீர் கண்ணில் படுவதில்லை. குப்பத்தின் கிழக்கே கடல், மேற்கே ஏரி. வேனிலில் மணல் திரண்டு முகத்துவாரம் தூர்ந்துவிடும்; ஏரி வற்றி உப்பேறும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொணர, வாய் திறந்து, கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வரும். எல்லாம் நின்றுவிட்டதாகப் பயணி குறிப்பெழுதும் அதே பருவத்தில்தான் ஏரி உயிர்த்தெழுகிறது. எந்தத் துறையில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை மீனவக் கிராமங்கள் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். (உழைப்பு, துன்பம், பங்கு மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிய விந்தையைத் தமிழாசிரியர்களாகிய நாமே வகுப்பில் சொல்வதில்லை.) பாட்டில் இடமில்லாத இருளர் பெண்கள் நீருக்குள் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி, இறால் பிடித்துப் பறியில் சேர்க்கிறார்கள். இப்பெண்கள் எந்த மழைக் கட்டுரையிலும் நனைந்ததாக நினைவில்லை.

நாமும் அக்கரையில் நடந்தவர்களே. எண்ணூரிலிருந்து துறைமுக மதில்களைச் சுற்றிக்கொண்டு வடக்கே போய், கார்த்திகை மழையில் பழவேற்காட்டில் ஒரு நாள் முடங்கினோம். குப்பத்தில் மீன் கூடையோடு நின்ற அம்மா ஒருவர், "ஏன் சார், வேலவெட்டி இல்லாமலா நடந்து வர்றீங்க?" என்று கேட்டார். விடுப்பில் வந்திருக்கிறோம் என்றோம். விடுப்புக்குச் சம்பளம் உண்டா என்பது அடுத்த கேள்வி. உண்டு என்றதும் சிரித்துவிட்டு நடந்தார்.

இலக்கணத்துக்கே வருவோம். தொல்காப்பியம் காரையும் மாலையையும் முல்லைக்குக் கொடுக்கிறது. நெய்தலுக்கு எற்பாட்டை மட்டும் கொடுத்து, பெரும்பொழுது எதையும் தனித்துச் சொல்லவில்லை. கார் தொடங்கினால் தலைவன் திரும்பவேண்டும், தலைவி காத்திருக்கவேண்டும் என்பது முல்லையின் ஒழுங்கு. நம் பயணக் கட்டுரையாளர்கள் அந்த முல்லை மழையைத் தூக்கிக்கொண்டுபோய் நெய்தல் நிலத்தில் பெய்விக்கிறார்கள். திணைமயக்கம் என்று இதற்குச் சப்பைக்கட்டு கட்டலாம். பார்க்காமல் எழுதியது என்பதே நம் துணிபு.

மழைக்குத் தங்குவது நம் மரபுக்குப் புதிதன்று. பௌத்த, சமணத் துறவியர் மழைக்காலத்தில் நடையை நிறுத்தியது, தளிர்த்த புல்லும் சிற்றுயிர்களும் காலடியில் நசுங்கக்கூடாதென்றுதான். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் புறப்படும் கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகள் வழியின் இடர்களைச் சொல்லும்போது, வயல்வரம்பில் நண்டும் நத்தையும் மிதிபடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். வழியில் யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்து நடந்த மரபு அது. இன்றைய பயணி தங்குவது தன் காலணி நனைகிறதென்று. அதிலும் தவறில்லை. தங்கிய இடத்தில் யாருமே இல்லாததுபோல் எழுதுவதுதான் பொறுக்கவில்லை.

இலக்கியம் நிவாரணத் துறையின் அறிக்கையா என்று நண்பர்கள் கேட்பார்கள். அறிக்கை கேட்கவில்லை, கண்ணைத் திறக்கச் சொல்கிறோம். மழை சற்று விட்டதும் இவர்கள் தவறாமல் போகுமிடம் டச்சுக் கல்லறை. வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பற்றி ஒரு பத்தி, நிலையாமை பற்றி இன்னொரு பத்தி. 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையின் காலத்தில் இத்துறையிலிருந்து துணிப்பொதிகளோடு ஆயிரக்கணக்கான மனிதர்களும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்லறை இல்லை. ஆகவே பத்தியும் இல்லை.

வெற்றுக்கரை, ஆளற்ற மணல், உறங்கும் படகு என்னும் சொற்களை இன்னொரு கூட்டமும் விரும்பும். ஒரு கடற்கரையை வளர்ச்சிக்கென எடுத்துக்கொள்ள அது வெறுமையாயிருப்பதாக முதலில் எழுதப்படவேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறார்கள். அதற்கென 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடைபெறாமல் தள்ளிப்போயின. நாம் வாசித்த கட்டுரைகளில் மூன்று அதற்குப் பின்னர் எழுதப்பட்டவை. மூன்றிலும் மழை உண்டு, தேநீர் உண்டு. துறைமுகம் ஓரிடத்தில் மட்டும் வருகிறது, தொலைவில் மினுங்கும் விளக்குகளாக.