சாணளவில் ஒரு கார்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும், வயது வந்து தத்தம் தொழிலில் நிலைபெற்றுவிட்ட மனிதர்கள் மாலை வேளைகளில் மேஜையின் முன் அமர்ந்து, உப்புத்தாளும் சிறு அரமும் தூரிகையும் துணையாக, ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுள்ள மோட்டார் கார் ஒன்றை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னால், அதைக் குழந்தைப் பருவம் போகாத வேடிக்கை என்றே நம்மில் பலர் கருதுவார்கள். அவ்வாறு கருதுவதற்குக் காரணம் உண்டு. பொம்மைக் கார் என்றால் கடையில் முழுமையாக வாங்கி, பின்னுக்கு இழுத்துவிட்டு ஓடவிடுவது என்பதுதான் நமக்குப் பழக்கம். பகுதி பகுதியாகப் பெட்டியில் வந்து, வாங்கியவனுடைய கையால் மட்டுமே காராக வேண்டிய மாடல் நம் ஊர்க் கடைகளில் அபூர்வம். அந்த அபூர்வத்தை ஒரு குறையாகவே நான் எண்ணுகிறேன். ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கார்களைச் செய்து கப்பலேற்றும் ஒரு பிரதேசத்தில், காரைக் கையால் அறிந்துகொள்ளும் அப்பியாசம் சிறுவர்களுக்கு இல்லாமற்போனது பெருங்குறை என்றும் எண்ணுகிறேன்.

இந்தக் கலையைப் பற்றிய முதல் தப்பெண்ணம், பெரிய காரை எல்லாப் பக்கங்களிலும் ஒரே சீராகச் சுருக்கிவிட்டால் சிறிய கார் கிடைத்துவிடும் என்பது. இத்துறையில் பெரிதும் வழங்கும் அளவுகளில் ஒன்று 1/24. ஓர் அடியை அரை அங்குலமாகக் கொள்ளும் ஆங்கில அளவுமுறையின் கணக்கு அது. நம் சாலைகளில் நெடுங்காலம் கோலோச்சிய அம்பாசிடரை இந்த அளவில் செய்தால் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் நீளம் வரும். இதுவரை விஷயம் சுலபம். ஆனால் கதவுக்கும் உடலுக்கும் நடுவேயுள்ள இடைவெளியை எடுத்துக்கொள்வோம். மெய்யான காரில் அது 4 மில்லிமீட்டர் என்றால், மாடலில் ஒரு மில்லிமீட்டரின் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. பெயிண்டோ நம்முடைய கணக்குக்காகச் சுருங்குவதில்லை. ப்ரைமரும் நிறமும் அதன்மேல் பளபளப்புக்கான தெளிந்த பூச்சுமாகச் சேர்ந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு படிந்தால், மெய்யான காரின் மீது ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயிண்டை அப்பியதற்கு அது சமானம். கதவின் கோடு அந்தப் பூச்சிலே தூர்ந்துபோய், கதவே இல்லாத கார்போல மாடல் நின்றுவிடும். ஆகையால் தேர்ந்தவர்கள் வண்ணம் தீட்டுவதற்கு முன்பே கூரிய முனையால் அந்தக் கோடுகளை, கணக்குக்கு மீறி, ஆழமாகக் கீறிக்கொள்கிறார்கள். உலோகப் பொடி கலந்த வண்ணத்திலும் இதே சிக்கல்தான். மெய்யான காரின் வெள்ளி நிறத்திலுள்ள துகள் மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு என்று கொண்டால், அதே வண்ணத்தை மாடலுக்கு அடிக்கும்போது அத்துகள் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரியாகிவிடும். நிறமெங்கும் மினுமினுக்கும் புள்ளிகள் தனித்தனியே தெரியும். அதனால் இன்னும் நுண்ணிய பொடியுள்ள வண்ணத்தைத் தேடவேண்டியிருக்கிறது. கண்ணுக்கு உண்மையாகத் தோன்றுவதற்காக அளவுகோலிலிருந்து எங்கே விலகவேண்டும், எங்கே விலகவே கூடாது என்னும் விவேகம்தான் இக்கலையின் ஜீவன். அந்த விவேகத்தை இயந்திரம் தருவதில்லை, பெட்டியோடு வரும் விளக்கத்தாளும் தருவதில்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பவை, பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தி வார்த்த உறுப்புகள். அவை ஒரு சட்டத்தோடு சிறு காம்புகளால் ஒட்டியே வருகின்றன. அச்சிலிருந்து எளிதில் கழலுவதற்காகப் பூசிய பொருளின் பிசுக்கு மேலே இருக்கக்கூடுமாதலால், முதலில் சோப்பு நீரில் கழுவவேண்டும். பிறகு காம்பை வெட்டி, அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் ஓடும் மெல்லிய வரம்பை உப்புத்தாளால் தேய்த்துப் போக்கி, குழி விழுந்த இடங்களில் பட்டி பார்க்கவேண்டும். டிங்கரிங் பட்டறையில் பெரிய காருக்குச் செய்யும் அதே வேலைதான் இது. இத்துறையில் பசை என்று சொல்லப்படும் திரவம் பசையின் குணமுடையதன்று. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளகச் செய்து ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. (ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டே அதைக் கையாளவேண்டும் என்பதைச் சிறுவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது பெரியவர்களின் கடமை.) அதில் ஒரு துளி முன்கண்ணாடியாக அமையவேண்டிய பகுதியில் சிந்தினால், அன்றைய வேலை அத்துடன் நின்றது.

இவற்றிலெல்லாம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஜன்னல் ஓரத்துக் குரோமியப் பட்டையைச் செய்யும் விதம். 1950-களின் அமெரிக்கக் கார்களில் கண்ணாடியைச் சுற்றியும் பக்கவாட்டிலும் மின்னிக்கொண்டு ஓடும் அந்தப் பட்டையை வெள்ளி வண்ணத்தால் தீட்டினால் அது வண்ணமாகவே தெரியும்; உலோகமாகத் தெரியாது. ஆகவே காகிதத்தைவிட மெல்லியதாய், பின்புறம் பசை தடவிய உலோகத் தகட்டில் ஒரு துண்டை வெட்டி அங்கே படியவைத்து, பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் மெதுவாக நீவி நீவி அதன் சுருக்கமெல்லாம் மறையும்படி செய்து, அடியிலுள்ள பட்டையின் இரு கரைகளும் தகட்டின் மேலாகத் துலக்கமாகத் தெரிந்த பிறகு, புதிய பிளேடை அக்கரையோரமாக ஒரே வீச்சில் ஓட்டி, மிகுந்த தகட்டை உரித்தெடுக்கிறார்கள். பழைய பிளேடு தகட்டைக் கிழித்துவிடும்; கனத்த கை அடியிலுள்ள வண்ணத்தைக் கீறிவிடும். கை தானே அறிந்துகொள்ளவேண்டிய அழுத்தம் அது. எழுதி வைத்துப் பயனில்லை.

இத்தனை சிரத்தையால் விளைவது என்ன என்று கேட்பார்கள். மேஜைமேல் ஒரு சிறிய கார் நிற்கிறது. அது ஒரு பகுதி. காரைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது, அது பெரும்பகுதி. அம்பாசிடரின் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து பிரயாணம் செய்த எவருக்கும் காலடியில் இருந்த அந்த மேடு நினைவிருக்கும். முன்னாலுள்ள எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு தரைக்கடியில் ஓடுவதால்தான் தரை அங்கே மேடிட்டது என்பது, அந்தத் தண்டைத் தன் விரலால் எடுத்து அதனிடத்தில் பொருத்திய சிறுவனுக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். எஞ்சினையே முன்சக்கரங்களின் பக்கம் குறுக்காக வைத்துவிட்ட இக்காலத்துச் சிறு கார்களில் அந்த மேடு ஏன் குறைந்துபோயிற்று என்பதும் அவனுக்கு அடுத்தபடியாக விளங்கும். பள்ளிப் புத்தகத்தின் படம் இதே விஷயத்தைச் சொல்கிறது என்றாலும், படத்தால் அறிந்ததும் கையால் அறிந்ததும் ஒன்றாகிவிடுவதில்லை.

இதை ஒரு பெரிய தொழில் ஸ்தாபனம் முன்பே உணர்ந்து காரியத்தில் காட்டியிருக்கிறது. ஃபிஷர் சகோதரர்கள் 1908-இல் டெட்ராய்ட் நகரத்தில் தொடங்கி, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸின் அங்கமாகிவிட்ட ஃபிஷர் பாடி என்னும் கம்பெனி, கார்களுக்கு உடல் கட்டுவதையே தொழிலாகக் கொண்டது. குதிரை வண்டி செய்த குடும்பம் அவர்களுடையது. கம்பெனியின் முத்திரையும் நெப்போலியன் காலத்து அலங்கார வண்டியாகவே இருந்தது. அமெரிக்கப் பொருளாதாரம் நொடித்துக் கிடந்த 1930-ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனி சிறுவர்களுக்கென ஒரு கைவினைச் சங்கத்தைத் தோற்றுவித்து, அந்த நெப்போலியன் வண்டியைச் சிறிய அளவில் செய்துவரும்படி போட்டி வைத்தது. விரிவான வரைபடங்கள் கொடுக்கப்பட்டன. செய்துமுடிக்கப்பட்ட வண்டி கொடுக்கப்படவில்லை. மரத்தைச் செதுக்கி, உலோகத்தை வளைத்து, துணியைத் தைத்து, முலாம் பூசி, ஒவ்வோர் உறுப்பையும் சிறுவர்களே தங்கள் வீட்டு மேஜையில் செய்தார்கள். வெற்றி பெற்றவர்களுக்குக் கம்பெனி அளித்த பரிசு, சர்வகலாசாலைப் படிப்புக்கான உதவித்தொகை. அந்நாளில் கல்லூரியை நினைத்தும் பாராத எத்தனையோ குடும்பங்களில் அது என்ன ஆறுதலாக இருந்திருக்கும்!

1937 முதல் போட்டியில் இன்னொரு பிரிவு சேர்ந்தது. வண்டிக்குப் பதிலாக 1/12 அளவில் ஒரு கார். ஆனால் எந்தக் கம்பெனியின் காரையும் பார்த்துச் செய்யாமல், சிறுவனே தன் கற்பனையில் உருவகித்த காராக இருக்கவேண்டும். நாளடைவில் வண்டிப் போட்டி நின்று, இதுவே நிலைத்து, 1968 வரை நடைபெற்றது. 1947-இல் இப்போட்டியில் முதன்மை பெற்ற இளைஞர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஜோர்டன். அவர் அதே ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1986 முதல் 1992 வரை அதன் வடிவமைப்புப் பிரிவு முழுவதற்கும் தலைவராக விளங்கினார். அவர் ஒருவர் மட்டுமல்லர். இந்தப் போட்டியிலிருந்து அமெரிக்கக் கார்க் கம்பெனிகளின் வடிவமைப்புக் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் பலர். ஒரு தேசத்தின் தொழில் தனக்கு வேண்டிய கண்களையும் கைகளையும் தானே தேடி, இளமையிலேயே இனங்கண்டு, படிக்கவும் வைத்ததற்கு இதைவிட நேர்த்தியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மாடல் இந்தப் போட்டி தொடங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின்பு பரவியது. மிச்சிகன் மாநிலத்து ஏஎம்டி கம்பெனி கார் விற்பனையாளர்களுக்காகச் செய்துகொடுத்த 1/25 அளவு விளம்பர மாடல்களின் வழியே, 1958-இல், ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டிக்கொள்ளத்தக்க கிட்களைக் கொண்டுவந்தது. ஆனால் இக்கலையைச் செம்மையின் சிகரத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பானியர் என்பது என் துணிபு. ஷிஸுவோகா நகரத்தில் 1946-இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கிய தமியா, மர மாடல்களுக்கு மாறி, அயல்நாட்டுப் பிளாஸ்டிக் மாடல்கள் வந்து மரத்தின் சந்தையைச் சாய்த்தபோது, 1960-இல் தானும் பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1970-களின் நடுவில் போர்ஷே 934 பந்தயக் காரை மாடலாகச் செய்ய அவர்கள் எண்ணியபோது, ஜெர்மனிக்குச் சென்று எடுத்துவந்த புகைப்படங்கள் போதவில்லை. எஞ்சினின் பின்புறமும் அடிப்புறத்துச் சந்துபொந்துகளும் எந்தப் படத்திலும் விழவில்லை. நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு தமியா, மெய்யான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்க்கச் செய்தார். அந்த விலையுயர்ந்த கார் முழுவதும் கழன்று கிடந்த நிலையை எண்ணிப் பார்க்கிறேன். வாங்குகிறவன் கண்ணுக்குப் பெரும்பாலும் படாமலே போகும் ஓர் உறுப்பு சரியாக இருக்கவேண்டும் என்பதற்காக ஒரு வியாபாரி இத்தனை நஷ்டத்துக்குத் துணிந்தது என் மனத்தில் பெருமதிப்பை உண்டாக்குகிறது.

பிறர் வார்த்துக் கொடுத்த உறுப்புகளைச் சேர்ப்பதில் சொந்தப் படைப்பு என்ன இருக்கிறது என்று ஓர் ஆட்சேபம் எழுவதுண்டு. தியாகையர் இயற்றிய கீர்த்தனத்தைப் பாடுகிற வித்துவானிடம் நாம் அப்படிக் கேட்பதில்லை. ஒரே பெட்டியைப் பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்துக் கார்கள் வருகின்றன. பார்க்கத் தெரிந்தவன் அவற்றில் எது யாருடையது என்று சொல்லிவிடுவான். விளையாட்டுக்கு இத்தனை மதிப்பா என்பது இன்னோர் ஆட்சேபம். பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பருவங்களின் முடிவில் சிறுதேரை வைத்து, கோயில் தேரின் சிற்றுருவைக் குழந்தையின் கையில் கொடுத்து மகிழ்ந்த சமூகம் நம்முடையது. அந்தக் கேள்விக்கு நாம் இடம் கொடுக்கவேண்டியதில்லை. முடித்து அலமாரியில் வைக்கவென்றே விற்கப்படும் உலோக மாடல்களைச் சேகரிப்பதும் ஒரு ரசனைதான், அதை நான் இகழவில்லை. ஆயினும் இங்கே சொன்ன பயன் எதுவும் அதில் கிடைப்பதில்லை.

பணம் என்னும் ஆட்சேபம் மட்டும் உண்மையானது. இறக்குமதியாகிற நல்ல கிட்டின் விலை நடுத்தரக் குடும்பத்தைத் தயங்க வைக்கும். ஆனால் ஃபிஷர் சங்கத்துச் சிறுவர்கள் மரமும் களிமண்ணும் பிளாஸ்டர் மாவும் கொண்டல்லவா தங்கள் கார்களைச் செய்தார்கள்? அவை நம் ஊரில் கிடைக்காத வஸ்துக்கள் அல்ல. கடைசல் பிடிக்கத் தெரிந்தவரும் அச்சு வார்க்கத் தெரிந்தவரும் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் எண்ணூரிலும் பெரிய ஆலைகளை நடத்துகிற கம்பெனிகள் ஒன்றுகூடி, பள்ளி மாணவர்களுக்கென ஆண்டுதோறும் இத்தகைய போட்டி ஒன்றை ஏன் நடத்தக்கூடாது? பரிசு கேடயமாக இல்லாமல் படிப்புச் செலவாக இருக்கட்டும். தீர்ப்பளிக்க எஞ்சினீயர்களோடு ஒரு தச்சரும் ஒரு பெயிண்டரும் உட்காரட்டும். ஃபிஷர் சங்கம் ஆண்பிள்ளைகளை மட்டுமே சேர்த்துக்கொண்டது. அதன் சரித்திரத்தில் நான் ஒப்புக்கொள்ள முடியாத பகுதி அது. கார் ஆலைகளில் பெண்கள் வேலை செய்கிற இந்நாளில், நம் போட்டி முதல் நாளிலிருந்தே பெண்பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவேண்டும்.

முதல் ஆண்டுக்கு அம்பாசிடரையே பொருளாக வைக்கலாம். அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. மிஞ்சியவை ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஓடுகின்ற வண்டி ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, உரிமையாளரிடம் அனுமதி பெற்று, முன்புறத்துக் கிரில் முதல் டிக்கியின் கைப்பிடி வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்வதே போட்டியின் முதற்கட்டமாக அமையட்டும். அந்த அளவுக் குறிப்புக்கே தனி மதிப்பெண் கொடுக்கவேண்டும்.