பேட்ஜின் சம்பளத்தைப் பட்டத்தின் கணக்கில் எழுதலாமா?

கிரிமினல் ஜஸ்டிஸ் (குற்றவியல் நீதி) பாடத்தின் இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கு வக்காலத்து வாங்கி நண்பர் எழுதிய கட்டுரையின் கணக்கு இவ்வளவுதான். அமெரிக்காவில் சமூகக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படிக்கக் கட்டணம் ஏறத்தாழ 8,000 டாலர். அங்கே போலீஸ்காரரின் இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 77,000 டாலர். ஆகவே போட்ட பணம் ஒன்றேகால் மாதத்தில் கைக்கு வந்துவிடுமாம். இரண்டு எண்களும் சரிதான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சுதான் பிழை.

அந்த 77,000 யாருடைய சம்பளம்? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் 2024 மே மாதத்துக்குத் தந்த 77,270 டாலர் என்ற எண்ணில் நேற்றுச் சீருடை போட்டவரும் உண்டு, இருபது வருடம் பழகிய துப்பறிவாளரும் உண்டு. ரோந்துக் காவலர் வேலைக்குப் பொதுவாகத் தேவைப்படும் கல்வியாக அதே பணியகம் குறிப்பதோ உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ். அதாவது, பட்டம் வாங்காத பக்கத்து வீட்டுப் பையனும் தேர்வில் தேறினால் அதே வேலைக்குப் போகலாம். பெரிய காவல்துறைகள் பலவற்றில் அகாடமிப் பயிற்சிக் காலத்திலேயே அவனுக்குச் சம்பளமும் உண்டு. நம் கட்டுரையாளர் சம்பள எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு தகுதியை விட்டுவிட்டார். பேட்ஜ் தரும் சம்பளத்தைப் பட்டத்தின் வரவில் எழுதிவிட்டு, லாபம் என்கிறார்.

பட்டத்தின் உண்மையான வரவு என்பது, அது இருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் தொகை மட்டுமே. அப்படிக் கிடைத்த இடங்கள் இல்லாமல் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் 1970இல் கொண்டுவந்த குவின் சட்டம், அசோசியேட் பட்டம் உள்ள காவலருக்கு 10 விழுக்காடு கூடுதல் சம்பளம் தந்தது. இளங்கலைக்கு 20, முதுகலைக்கு 25. கட்டுரையாளர் இதைச் சொல்லியிருந்தால் அவர் வாதத்துக்கு எலும்பாவது இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், 2009 முதல் மாநில அரசு இந்தச் செலவில் தன் பங்கை வெட்டத் தொடங்கியதையும், விவகாரம் நீதிமன்றப் படி ஏறியதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

கல்லூரிப் படிப்பு கேட்கும் காவல்துறைகளும் உள்ளன என்பது அவருடைய அடுத்த வாதம். உண்மைதான், ஆனால் என்ன கேட்கிறார்கள்? 60 கிரெடிட் கேட்டுவந்த நியூயார்க் நகரக் காவல்துறை, ஆள் கிடைக்காமல் 2025இல் அதை 24 ஆகக் குறைத்துக்கொண்டது. அவையும் குற்றவியல் பாடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கணக்குப்பதிவியல் படித்தாலும் ஸ்பானிஷ் படித்தாலும் கிரெடிட் கிரெடிட்தான். போலீஸ் வேலை கிடைக்காமல் போனாலும் அந்தப் படிப்புகளுக்கு வெளியே கேட்பார் உண்டு. இந்தப் படிப்புக்கு?

பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்கும் வேலைகளோ இரண்டாண்டோடு திருப்தி அடைவதில்லை. நன்னடத்தை அலுவலர் வேலைக்குப் பொதுவாக இளங்கலை வேண்டும். எஃப்.பி.ஐ. சிறப்பு ஏஜென்ட் ஆகவும் இளங்கலை வேண்டும். சிறைக் காவலருக்கும் தனியார் செக்யூரிட்டிக்கும் பள்ளிப் படிப்பே போதும். உடல்தகுதித் தேர்விலோ பின்புல விசாரணையிலோ தோற்றவர்களில் பலர் கடைசியில் போய் நிற்கும் செக்யூரிட்டி வேலையின் இடைநிலை ஊதியம் ஏறத்தாழ 38,000 டாலர். கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரி இல்லை. தோற்றவரைக் கழித்துவிட்டு வென்றவரை மட்டும் எண்ணினால் லாட்டரிச் சீட்டுகூட நல்ல முதலீடுதான்.

செலவுக் கணக்கு இன்னும் மோசம். சமூகக் கல்லூரியின் சராசரி ஆண்டுக் கட்டணம் 2024-25இல் 4,050 டாலர்; ஏழை மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகையின் உச்சவரம்பு 7,395. ஆக, அவர்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் கைவிட்டுப் போகாது. ஆனால் இந்தப் படிப்பை ஊரெங்கும் விளம்பரம் செய்து விற்றவர்களில் முன்வரிசையில் நின்றவை லாபநோக்குக் கல்லூரிகள். விலையைச் சமூகக் கல்லூரியிடமிருந்து கடன் வாங்கிய கட்டுரையாளர், கனவை மட்டும் இவர்களிடமிருந்து வாங்கியிருக்கிறார்.

இலினாய்ஸில் நடந்தது ஒன்று போதும். வெஸ்ட்வுட் என்ற லாபநோக்குக் கல்லூரி தன் கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்பைச் சிகாகோ வட்டாரத்தில் போலீஸ் வேலைக்கு வழி என்று சொல்லி மாணவர்களைச் சேர்த்தது. கல்லூரிக்கு வட்டார அங்கீகாரம் இல்லாததால் சிகாகோ காவல்துறையும் மாநிலக் காவல்துறையும் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. மாணவர்கள் கையில் மிஞ்சியது கடன். மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் லிசா மாடிகன் 2012இல் வழக்குத் தொடர்ந்தார், 2015இல் 1.5 கோடி டாலர் கடன் தள்ளுபடியோடு சமரசமானது. 2022இல் மத்தியக் கல்வித்துறை, வெஸ்ட்வுட்டில் படித்த 79,000 பேரின் 150 கோடி டாலர் கடனை ரத்து செய்தது. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் இந்தப் படிப்பின் லாபநஷ்டத்தை எழுத உட்கார்ந்து, அங்கீகாரம் என்ற சொல்லையே தொடாமல் எழுந்துவிட முடிகிறது என்றால் அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

அவருடைய வாதங்களில் எனக்கு மதிப்புள்ளது ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் பள்ளி முடிகிறது. பல காவல்துறைகள் 21 வயது கேட்கின்றன. இடைவெளியில் படித்தால் என்ன? படிக்கலாம். ஆனால் டெக்சாஸ் சிறைத்துறை பதினெட்டிலேயே சிறைக் காவலராக எடுத்துக்கொள்கிறது. ராணுவமும் அப்படியே, ராணுவ சேவையைக் கல்லூரிப் படிப்புக்கு ஈடாக ஏற்கும் காவல்துறைகளும் உண்டு. அந்த ஆண்டுகளில் சம்பாதிக்காமல் விட்ட பணமும் செலவுதான். அவருடைய 8,000 டாலரில் அது சேர்ந்திருக்கிறதா?

அடுத்த கட்டுரையில் அவர் ஒரே ஓர் எண்ணைத் தரட்டும். ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே காவல்துறையில் சேர்ந்த இருவரில் அசோசியேட் பட்டம் உள்ளவருக்கு இல்லாதவரைவிட எத்தனை டாலர் அதிகம்? அதைச் சொல்லாதவரை, பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் இவருடைய கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, தங்கள் ஊர்க் காவல்துறையின் ஆள்சேர்ப்பு அறிவிப்பைப் படிக்கட்டும்.