இன்சுலின் பிறந்த நகரில் சலரோகம்



நாம் வந்து சேர்ந்திருக்கும் இந்த ரொறன்ரோ நகருக்கும் சலரோகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1921 ஆம் ஆண்டு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பான்ரிங், சார்ள்ஸ் பெஸ்ற் ஆகிய இருவரும் தொடங்கிய ஆய்விலிருந்தே இன்சுலின் பிறந்தது. 1922 ஜனவரியில் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த லெனார்ட் தொம்சன் என்ற சிறுவனுக்கு அது முதன்முறையாக ஏற்றப்பட்டது. முதல் ஊசி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஜேம்ஸ் கொலிப் என்பவர் மருந்தைச் சுத்திகரித்துக் கொடுக்க, இரண்டாவது முயற்சியில் சிறுவன் தேறினான். கண்டுபிடிப்பின் உரிமம் பெயரளவில் ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தகைய ஊரில் வாழும் எம்மவர் பலர், தமக்குச் சலரோகம் இருப்பதை அறியாமலே பல ஆண்டுகளைக் கழிக்கின்றனர் என்பது வேதனைக்குரியது.

தெற்காசியர்களாகிய எமக்கு இந்நோய் வெள்ளையரைவிட இளவயதிலேயே, பருமன் அதிகமில்லாத உடலிலும் வந்துவிடுகிறது. 'நான் மெலிந்தவன், எனக்கேன் பரிசோதனை?' என்ற பேச்சு எமக்குப் பொருந்தாது. வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே எச்சரிக்கை கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த தாய்மார், பிள்ளை பிறந்து ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் மறுபடியும் பரிசோதித்தல் அவசியம். பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் இதனை மறந்துவிடுவோர் பலர்.

இங்கு ஒரு கணக்குக் குழப்பத்தையும் தெளிவுபடுத்த விரும்புகின்றோம். ஊரில் இரத்தச் சீனியை மில்லிகிராமில் சொல்வார்கள். கனடாவில் மில்லிமோலில் சொல்வார்கள். ஊரில் 200 என்று கேட்டுத் திடுக்கிட்டவர், இங்கே 11 என்று கேட்டவுடன் 'குறைந்துவிட்டது' என்று ஆறுதல் அடைகிறார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கனடிய எண்ணை 18 ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு வந்துவிடும். வெறும் வயிற்றில் 7 அல்லது அதற்கு மேல், அதாவது ஊர்க்கணக்கில் 126, நீரிழிவைக் குறிக்கும். கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 6.5 வீதம் அந்த எல்லையாகும்.

எல்லையை இன்னும் தாண்டாதவர்களுக்கு நற்செய்தி உண்டு. வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் மூன்றாண்டு காலம் கவனிக்கப்பட்டனர். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். தினமும் அரைமணி நேரம் விரைந்து நடந்து, உணவையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. அவர்களும் சோறும் கறியும் உண்ணும் மக்களே.

இரண்டு வேலை செய்து, நள்ளிரவில் வீடு திரும்பிப் பெருஞ்சோறு உண்டு படுப்பவருக்கு நடைப்பயிற்சியைப் பற்றிச் சொல்வது எளிது, செய்வதே கடினம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் வேலையிடத்தில் நாளுக்கு மூன்று முறை அருந்தும் 'டபிள் டபிள்' கோப்பியில் சீனியை விடுவதற்கு நேரம் தேவையில்லை. பனிக்காலத்தில் விற்பனை மண்டபங்களுக்குள் நடக்கலாம். காலையில் கடை திறக்குமுன் அங்கே நடக்கும் முதியோரைக் காணலாம். குரக்கன் பிட்டு நல்லதே. ஆனால் அதுவும் மாச்சத்துத்தான். 'குரக்கன்தானே' என்று இரண்டு நீத்துப்பெட்டி உண்பது மருந்தாகாது. பாகற்காய்ச் சாற்றை நம்பிக் குளிசையை நிறுத்துவது அதனினும் ஆபத்தானது.

பாதங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீண்டகாலச் சலரோகம் காலின் உணர்ச்சியைக் குறைத்துவிடும். ஆடி மாதத் தேர்த்திருவிழாவில் கொதிக்கும் தார் வீதியில் வெறுங்காலுடன் நடந்தவருக்குக் கொப்புளம் எழுந்தது வீட்டுக்கு வந்து பார்த்த பின்னரே தெரியவரும். பக்தியைக் குறைக்கும்படி நாம் கூறவில்லை. காலுறை அணிந்து நடப்பதை முருகன் குறையாகக் கொள்ளமாட்டார். ஒவ்வோர் இரவும் பாதத்தின் அடியைப் பார்க்கவும். குனிய இயலாதவர் கண்ணாடி ஒன்றை வைத்துப் பார்க்கலாம். சஷ்டி விரதம் போன்ற நீண்ட விரதங்களுக்கு முன் இன்சுலின் போடுவோர் வைத்தியரைக் கேட்டே ஆகவேண்டும். இன்சுலினைக் குளிர்காலத்தில் காருக்குள் விட்டுச் செல்லலாகாது. ஒருமுறை உறைந்த மருந்து பயன்படாது.

இன்னொன்று: பாட்டியை வைத்தியரிடம் அழைத்துச் சென்று, பத்து வயதுப் பேரனை மொழிபெயர்க்கச் சொல்லும் வழக்கத்தை நாம் ஏற்கவில்லை. சிறுநீரகம் பழுதடைந்த செய்தியைச் சொல்லும் சுமை அப்பிள்ளைக்குரியதன்று. அவன் பாதியை விட்டுவிடுவான். பாட்டியும் மீதியை மறைப்பார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கவும். 211 என்ற இலக்கத்தை அழைத்தால், அருகிலுள்ள சமூக நலவாழ்வு நிலையங்களையும் நீரிழிவு வகுப்புகளையும் பற்றிய விபரத்தைத் தமிழிலும் கேட்டறியலாம். சுகாதார அட்டை இல்லாதோரையும் ஏற்கும் நிலையங்கள் உண்டு. அட்டை உள்ள நீரிழிவாளருக்கு ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை ஒன்ராறியோவில் இலவசம். பார்வை மங்கிய பின் செல்வதற்கல்ல, மங்குமுன் செல்வதற்கே அது தரப்பட்டுள்ளது.