கருனி வழுத்திருத்தம்

கருனி வழுத்திருத்தம் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கருனியில் உள்ள வழுக்களைக் கண்டறிந்து, திருத்தப்பட்ட நிரலை மென்பொருள் இற்றைப்படுத்தல் மூலம் பயனரின் கணினியில் சேர்க்கும் செயற்பாடு ஆகும். இவ்வாறு சேர்க்கப்படும் சிறு நிரல்துண்டு ஒட்டு எனப்படும். ஒட்டு எழுதப்படுவதும், அது ஒரு கணினியில் நடைமுறைக்கு வருவதும் இருவேறு நிகழ்வுகள் ஆகும். ஒட்டு வெளியானதும் வழுவின் விவரம் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. திருத்தமோ எல்லோரையும் சென்றடைந்திருப்பதில்லை. 2016 முதல் 2024 வரை ஏற்பட்ட பெரும் பாதிப்புகள் சில இந்த இடைவெளியில் நிகழ்ந்தன. வேறு சில, இந்த இடைவெளியை விரைந்து கடக்க முயன்றபோது நிகழ்ந்தன.

கருனியும் வழுவும்

கணினியின் நினைவகம், மையச் செயற்பகுதி, வன்தட்டு, வலையமைப்பு ஆகியவற்றை நேரடியாகக் கையாளும் நிரலே கருனி. உலாவி, சொற்செயலி போன்ற பிற மென்பொருட்கள் யாவும் கருனியிடம் கேட்டே இவற்றைப் பயன்படுத்துகின்றன. எந்தப் பயனர் எந்தக் கோப்பைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்பதைத் தீர்மானிப்பதும் கருனியே. எனவே ஒரு சொற்செயலியில் உள்ள வழு பெரும்பாலும் அந்த மென்பொருளை மட்டும் பாதிக்கும். கருனியில் உள்ள வழு முழுக் கணினியையும் பாதிக்கக்கூடும். அது கணினியை நிலைகுலையச் செய்யலாம், அல்லது சாதாரணப் பயனர் ஒருவருக்கு முழு நிர்வாக உரிமையைக் கொடுத்துவிடலாம்.

திருத்தம் பயனரை அடையும் வழி

லினக்ஸ் கருனியில் ஒரு திருத்தம் பொதுவாகப் பின்வரும் படிநிலைகளைக் கடக்கிறது.

1. வழுவைக் கண்டவர் அதனைக் கருனியின் உரிய பகுதியைப் பராமரிப்பவருக்கு அறிவிக்கிறார்.
2. ஒட்டு எழுதப்பட்டு, பிற நிரலாளர்களால் சரிபார்க்கப்பட்டு, லினஸ் டோர்வால்ட்ஸ் பேணும் முதன்மைக் கிளையில் சேர்க்கப்படுகிறது.
3. அங்கிருந்து நிலையான பதிப்புகளுக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. நிலையான பதிப்புகளைத் தனியே வெளியிடும் முறை 2005 மார்ச்சில் 2.6.11 பதிப்புடன் தொடங்கியது. முதன்மைக் கிளையில் ஏற்கப்பட்ட திருத்தமாக இருத்தல் வேண்டும், நூறு வரிகளுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும் என்பன இதன் விதிகளுள் சில.
4. டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் போன்ற வழங்கல்கள் அதனைத் தத்தம் பொதிகளில் சேர்த்து வெளியிடுகின்றன.
5. பயனர் அல்லது நிர்வாகி பொதியை நிறுவிக் கணினியை மீளத் தொடங்குகிறார்.

ஐந்தாவது படி நிறைவேறும் வரை, முதல் நான்கினாலும் அக்கணினிக்குப் பயன் ஏதும் இல்லை. விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரே நிறுவனம் கருனியை எழுதி நேரடியாக வழங்குவதால் இடைப்படிகள் குறைவு. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வன்பாகத் தயாரிப்பாளர், கைபேசித் தயாரிப்பாளர், சில நாடுகளில் தொலைபேசிச் சேவை நிறுவனம் எனப் படிகள் மேலும் கூடுகின்றன.

டேர்ட்டி கவ் வழு

ஒரு திருத்தத்தின் முழு வாழ்க்கையையும் காட்டும் எடுத்துக்காட்டாக டேர்ட்டி கவ் எனப்படும் லினக்ஸ் கருனி வழுவைக் கொள்ளலாம். இதன் அடையாள எண் சிவிஇ-2016-5195 ஆகும்.

ஒரே கோப்பைப் பல நிரல்கள் படிக்கும்போது, கருனி அதன் ஒரே படியை நினைவகத்தில் வைத்து எல்லா நிரல்களுக்கும் காட்டுகிறது. ஏதேனும் ஒரு நிரல் அதில் எழுத முற்பட்டால், அந்நிரலுக்கு மட்டும் தனிப் படி ஒன்றை உருவாக்கி அதில் எழுதவிடுகிறது. மூலக் கோப்பு மாறுவதில்லை. எழுதும்போது படியெடுத்தல் எனப்படும் இம்முறை நினைவகத்தைச் சிக்கனப்படுத்துகிறது.

தனிப் படியை உருவாக்குவதும் அதில் எழுதுவதும் கருனிக்குள் இரு தனித்தனிச் செயல்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, அதே நிரலின் மற்றோர் இழை "அந்தப் படி எனக்குத் தேவையில்லை" எனக் கருனிக்கு அறிவித்து அதனை நீக்கச் செய்தால், பின்னர் வரும் எழுத்து மூலப் படியிலேயே பதிந்துவிடும். இவ்வாறு இரு செயல்களின் முந்துதலைப் பொறுத்து விளைவு மாறும் வழு போட்டிநிலை வழு எனப்படும். ஒரு முறை முயன்றால் இது நிகழ்வது அரிது. ஆனால் ஒரு நிரல் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை முயல முடியும். படிக்க மட்டுமே அனுமதி பெற்ற பயனர், கடவுச்சொல் தொடர்பான கோப்புகளையோ நிர்வாக உரிமையுடன் இயங்கும் நிரல்களையோ இவ்வழியில் மாற்றி, கணினி முழுவதையும் தன் வசப்படுத்தலாம்.

இப்போட்டிநிலை 2016இல் புதிதாகத் தெரியவந்தது அன்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டிலேயே இதனைத் திருத்த முயன்றார். ஐபிஎம் நிறுவனத்தின் எஸ்390 வகைப் பெருங்கணினிகளில் அத்திருத்தம் சிக்கல் தந்ததால் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அக்காலத்தில் இவ்வழு கோட்பாட்டளவிலானது என்றே கருதப்பட்டது. பின்னர் கருனியின் நினைவக மேலாண்மை வேகமும் திறனும் பெற்றபோது, வழுவைத் தூண்டுவது எளிதாயிற்று. 2007இல் வெளியான 2.6.22 பதிப்பு முதல், தாக்குதலுக்குப் பயன்படக்கூடிய வடிவில் இது கருனியில் இருந்தது.

2016 அக்டோபரில், தாக்கப்பட்ட வழங்கி ஒன்றின் வலைப் போக்குவரத்துப் பதிவிலிருந்து, இவ்வழுவைப் பயன்படுத்தும் நிரல் மீட்டெடுக்கப்பட்டது. பாதுகாப்பவர்கள் அறியுமுன்பே தாக்குபவர்கள் இதனை அறிந்திருந்தனர் என்பது இதனால் புலனாயிற்று. டோர்வால்ட்ஸ் எழுதிய புதிய ஒட்டு மிகச் சிறியது. படியெடுத்தல் முடிந்ததைக் குறிக்கத் தனிக் கொடி ஒன்று சேர்க்கப்பட்டது. ஒட்டின் குறிப்பில், பதினோர் ஆண்டுகளுக்கு முன் தாம் சரிவரத் திருத்தாத பழைய வழு இது என அவரே பதிவு செய்துள்ளார். அக்டோபர் 20ஆம் நாள் 4.8.3, 4.7.9, 4.4.26 ஆகிய நிலையான பதிப்புகள் இவ்வொட்டுடன் வெளிவந்தன. முதன்மை வழங்கல்களும் ஒரு சில நாட்களில் பொதிகளை வெளியிட்டன.

இத்திருத்தமும் முழுமையானதாக இருக்கவில்லை. பெரிய அளவுடைய நினைவகப் பக்கங்களைக் கையாளும் பகுதியில் இதன் தருக்கம் பொருந்தாததால் புதிய வழு ஒன்று தோன்றியது. அது 2017 நவம்பரில் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. அதன் பாதிப்பு முதல் வழுவினதைவிடக் குறுகியது.

ஆண்ட்ராய்டு கைபேசிகள்

ஆண்ட்ராய்டு லினக்ஸ் கருனியையே பயன்படுத்துவதால் அக்கைபேசிகளும் டேர்ட்டி கவ் வழுவுக்கு ஆளாயின. கூகுள் நிறுவனத்தின் 2016 டிசம்பர் மாத இற்றைப்படுத்தலில் திருத்தம் இடம்பெற்றிருந்தது. எனினும் 2017 செப்டம்பரில், சினியு என்னும் தீநிரல் இதே வழுவைப் பயன்படுத்துவதை டிரென்ட் மைக்ரோ நிறுவனம் அறிவித்தது. 40க்கு மேற்பட்ட நாடுகளில் இது காணப்பட்டது. பாதிக்கப்பட்டோருள் பெரும்பான்மையினர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தனர். 1,200க்கு மேற்பட்ட போலிச் செயலிகளில் இத்தீநிரல் ஒளிந்திருந்தது.

வழங்கிகளுக்கு ஒரு சில நாட்களில் கிடைத்த திருத்தம், ஏறக்குறைய ஓராண்டு கழிந்தும் பல கைபேசிகளை எட்டவில்லை. விற்று முடிந்த கைபேசி வகைக்குப் புதிய கருனியை உருவாக்கிச் சோதிப்பது தயாரிப்பாளருக்குச் செலவாகும். அதனால் வருவாய் இல்லை. எனவே விலை குறைந்த கைபேசிகளின் பயனர்களே நீண்ட காலம் பாதுகாப்பின்றி இருந்தனர். இச்சிக்கலைக் குறைக்க, 2017இல் வெளியான ஆண்ட்ராய்டு 8 பதிப்பில் டிரெபிள் என்னும் திட்டம், இயங்குதளத்தை வன்பொருள் சார்ந்த பகுதிகளிலிருந்து பிரித்தது. ஆண்ட்ராய்டு 12 பதிப்புடன் வந்த, 5.10 கருனி கொண்ட புதிய கைபேசிகள் முதல் பொதுக் கருனிப் படிமம் பயன்படுத்தப்படுகிறது. தயாரிப்பாளர் சேர்க்கும் இயக்கிகள் தனிக் கூறுகளாக இருப்பதால், கருனியை மட்டும் மாற்றுவது இயலுகிறது.

வன்னாகிரை

விண்டோஸ் இயங்குதளத்தில் படிகள் குறைவாக இருந்தும் இதே இடைவெளி ஏற்பட்டது. கோப்புப் பகிர்வுக்கான கருனிநிலை இயக்கியில் இருந்த வழுவுக்கு மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று ஒட்டு வெளியிட்டது. மே 12 அன்று அதே வழுவின் வழியே வன்னாகிரை பணயத் தீநிரல் பரவியது. நடுவே 59 நாட்கள் இருந்தன. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவையில் 236 அறக்கட்டளை அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன; நோயாளிகளுக்குக் குறிக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான சந்திப்புகள் நீக்கப்பட்டன. தீநிரல் தொற்றிய அமைப்புகள் யாவும் ஒட்டு நிறுவப்படாத அல்லது ஆதரவு முடிந்த விண்டோஸ் பதிப்புகளைக் கொண்டிருந்தன என அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் கண்டறிந்தது.

திருத்தத்தினால் விளையும் தீங்கு

இவற்றைக் கொண்டு, ஒவ்வோர் ஒட்டையும் வெளிவந்த உடனே எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிடலாம் எனத் தோன்றக்கூடும். எதிர்மறை அனுபவங்களும் உள்ளன.

2018 சனவரியில் மெல்ட்டவுன் என்னும் செயற்பகுதி வழுவுக்காக, 64 பிட் விண்டோஸ் 7 பதிப்புக்கு அவசர ஒட்டு வெளியிடப்பட்டது. நினைவக அட்டவணை ஒன்றின் அனுமதி அதில் தவறாக அமைந்ததால், எந்தச் சாதாரண நிரலும் முழு நினைவகத்தையும் படிக்கவும் எழுதவும் முடிந்தது. திருத்தம் மூல வழுவைவிடப் பெரிய வாயிலைத் திறந்துவிட்டது. மார்ச் மாத இறுதியிலேயே இது முழுமையாகச் சரிசெய்யப்பட்டது.

2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு இற்றைப்படுத்தல் ஒன்று அனுப்பப்பட்டது. இது விண்டோஸ் கருனியின் பகுதி அன்று. ஆயினும் அம்மென்பொருளின் இயக்கி கருனிநிலையில் இயங்குவது. 20 உள்ளீடுகளை மட்டும் பெற்ற நிரல், 21ஆவது உள்ளீட்டைப் படிக்க முயன்று நினைவக எல்லையைத் தாண்டியது. இற்றைப்படுத்தல் 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 இலட்சம் கணினிகள் நிலைகுலைந்து, வானூர்திச் சேவைகளும் மருத்துவமனைகளும் வங்கிகளும் முடங்கின. தொடங்கவே இயலாத கணினிக்கு வலையமைப்பு வழியாகத் திருத்தம் அனுப்ப இயலாது. ஆதலால் பல இடங்களில் பணியாளர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று பழுதான கோப்பை நீக்கினர். படிப்படியாக, முதலில் சிறு எண்ணிக்கையிலான கணினிகளுக்கு அனுப்பிப் பார்க்கும் முறை பின்பற்றப்பட்டிருப்பின் பாதிப்பு பெருமளவு குறைந்திருக்கும்.

மீளத் தொடங்காமல் திருத்துதல்

வழங்கிகளில் இற்றைப்படுத்தல் தாமதமாவதற்கு முதன்மைக் காரணம், மீளத் தொடங்கும்போது சேவை தடைப்படுவது ஆகும். இயங்கிக்கொண்டிருக்கும் கருனியையே திருத்தும் கேஸ்பிளைசு என்னும் நுட்பம் 2008இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது. 2011இல் ஆரக்கிள் நிறுவனம் இதனை வாங்கியது. 2014இல் ரெட் ஹேட், சூசே ஆகிய நிறுவனங்கள் தனித்தனியே இத்தகைய நுட்பங்களை வெளியிட்டன. இவற்றின் பொது அடித்தளம் 2015 ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. வழுவுள்ள செயற்கூறு அழைக்கப்படும்போது, அழைப்பு புதிய செயற்கூறுக்குத் திருப்பிவிடப்படுகிறது. தரவுகளின் அமைப்பையே மாற்றவேண்டிய திருத்தங்களுக்கு இம்முறை எளிதில் பொருந்தாது.

பொறுப்பும் சட்டமும்

2024 பெப்ரவரி முதல் லினக்ஸ் கருனிக் குழுவே தன் வழுக்களுக்குச் சிவிஇ அடையாள எண்களை வழங்குகிறது. கருனியில் எந்த வழுவும் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும் என அக்குழு கருதுவதால், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான எண்கள் வழங்கப்படுகின்றன. தேர்ந்தெடுத்த சில ஒட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு இது பெருஞ்சுமையாகியுள்ளது. நிலையான பதிப்பை முழுமையாக ஏற்றுத் தொடர்ந்து இற்றைப்படுத்துவதே தக்க வழி என்பது கருனிக் குழுவின் நிலைப்பாடு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவழித் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். குறுகிய பயன்பாட்டுக் காலம் கொண்டவை நீங்கலாக, இலக்கமுறைப் பொருட்களுக்குக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் வழங்க வேண்டும் என இச்சட்டம் தயாரிப்பாளரைப் பணிக்கிறது. இதுவரை தயாரிப்பாளரின் விருப்பமாக இருந்த கடைசிப் படிகள் இதனால் சட்டக் கடமையாகின்றன.

மதிப்பீடு

டேர்ட்டி கவ் வழுவின் ஒட்டு ஒரு சில வரிகளே. அவ்வரிகள் எழுதப்பட்ட நாளிலிருந்து ஒரு கைபேசியைச் சென்றடைய எடுத்துக்கொண்ட காலம், அக்கைபேசியின் விலையையும் தயாரிப்பாளரின் அக்கறையையும் பொறுத்து அமைந்தது. மூலநிரல் திறந்திருப்பது வழுவைப் பலர் ஆராய வழி செய்கிறது. ஆயினும் ஒன்பது ஆண்டுகள் ஒரு வழு மறைந்திருப்பதை அது தடுக்கவில்லை. வேகமாக அனுப்புவது தாக்குபவரை முந்த உதவுகிறது. சோதிக்காமல் அனுப்புவது தாக்குபவர் செய்யக்கூடிய தீங்கைத் திருத்துபவரே செய்ய வழிவகுக்கிறது. ஆகவே ஓர் இயங்குதளத்தின் பாதுகாப்பை, அதில் கண்டறியப்பட்ட வழுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. திருத்தங்கள் எவ்வளவு காலத்துக்கு, எவ்வளவு விரைவாக, எவ்வளவு சோதனைக்குப் பின் வழங்கப்படுகின்றன என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.