செய்யாத குற்றத்துக்கு எத்தனை தடவை கட்டுவது?

கார் ஓட்டுகிறவனுக்கு, ஹெல்மெட் போடவில்லை என்று ஆயிரம் ரூபாய் அபராதம். சலானில் ஒட்டியிருக்கிற படத்தில் தெரிவது ஒரு மோட்டார் சைக்கிளின் பின்பக்கம். நம்பர் பிளேட்டில் கடைசி எண் மூன்றா எட்டா என்று உற்றுப் பார்த்தாலும் தெரியவில்லை. யாரோ எட்டு என்று தட்டிவிட்டார்கள். எட்டு என்னுடைய வண்டி.

என்னுடையது டி போர்டு வாடகைக் கார். தாமலில் ஏரிக்கரைப் பக்கம் வீடு. காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களைக் காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று கோயில் கோயிலாக அழைத்துப் போவேன். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீட்டார் பட்டு எடுக்க வருவார்கள். அதுதான் வருமானம். அப்பா தறி போட்டவர். தறியில் வயிறு நிறையவில்லை என்றுதான் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

சலான் விழுந்த சேதி எனக்குப் பல மாதம் தெரியவே தெரியாது. பழைய வண்டியாக வாங்கினது. பதிவில் இருந்த செல் நம்பர் புரோக்கருடையது. மெசேஜ் எல்லாம் அவருக்குப் போயிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதிதான். வண்டியின் தகுதிச் சான்றுக்கு, எஃப்.சி.க்குப் போய் நின்ற இடத்தில்தான் "உங்க நம்பர்ல சலான் நிக்குது" என்றார்கள். செல்லை நீட்டி, "சார், இது பைக். என்னுது கார். வெளியிலதான் நிக்குது, ஒரு நிமிஷம் வந்து பாருங்க" என்று கெஞ்சினேன். அதிகாரி எழுந்து வரவில்லை. "கட்டிட்டு வாங்க, அப்பத்தான் சிஸ்டம் எடுக்கும்" என்றார். அன்றைக்கு எஃப்.சி. முடியவில்லை என்றால் மறுநாள் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது. வாடகைக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கட்டினேன்.

கட்டினதும் அந்தக் குற்றம் என்னுடையதாகிவிட்டது! கட்டாதவரைக்கும் "நான் செய்யவில்லை" என்று சொல்ல வாய் இருந்தது. இப்போது பதிவேட்டில், குற்றம் செய்து, ஒப்புக்கொண்டு, பணமும் கட்டினவன் நான். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஏஜென்ட் தம்பி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க மேல சலான் ஹிஸ்டரி இருக்கு. ஓ.டி. பிரீமியம் இந்தத் தடவை ஏறித்தான் வரும்" என்கிறார். ஓ.டி. என்றால் நம் வண்டிக்கே அடிபட்டால் கிடைக்கிற காப்பீடு. வருஷக்கணக்காக ஒரு கிளெய்ம் கேட்டதில்லை. ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. நான் ஆபத்தான ஆளாம்.

எங்கள் மாதிரி ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் என்றால் என்ன பாரம் என்று சொந்தக் கார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆயிரம் சி.சி.க்கு மேல் ஆயிரத்து ஐந்நூறுக்குள் இருக்கிற சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022-ல் நிர்ணயித்தபடி ரூ.3,416. அதே என்ஜின், அதே கார், மஞ்சள் போர்டு மாட்டினால் ரூ.7,940; அதற்கு மேல் சீட்டுக்குத் தலா ரூ.978. நாலு பேர் ஏறும் வண்டிக்கு ரூ.11,852 ஆகிவிடுகிறது. ஜி.எஸ்.டி. தனி. ஓ.டி. தனி. மூன்றாம் நபர் தொகையை அரசாங்கம் நிர்ணயிக்கிறது, அதில் கம்பெனி கை வைக்க முடியாது. ஓ.டி.யில் அவர்கள் வைத்ததுதான் விலை. அங்கேதான் நம் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

சலானைப் பார்த்து பிரீமியம் ஏற்றுவதை விதியாகவே கொண்டுவரப் பார்த்தார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு 2021 ஜனவரியில் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. போக்குவரத்து விதிமீறலுக்கென்று தனி பிரீமியம். குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று கணக்கு. புள்ளி சேரச் சேரப் பணம் ஏறும். முதலில் டெல்லியில் நடத்திப் பார்க்கலாம் என்றார்கள். அப்படியே நின்றது. 2024 நவம்பரில் டெல்லி துணைநிலை ஆளுநர், விதிமீறலையும் பிரீமியத்தையும் இணைக்கச் சொல்லி மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஆகவே இந்தப் பேச்சு ஓயவில்லை. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வரும்.

வரட்டும். குடித்துவிட்டு ஓட்டுகிறவனிடம் நூறு புள்ளி இல்லை, ஆயிரம் புள்ளி போட்டு வாங்கட்டும். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்து, 17,884 சாவு. அந்த வருஷம் இந்தியாவிலேயே அதிக விபத்து நம் மாநிலத்தில்தான். எங்கள் ஊரை ஒட்டிப் போகிற சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் கிடக்கிற ரத்தத்தை நான் பார்த்தவன். ஆறுவழிச் சாலை வேலை இழுத்துக்கொண்டே போகிறது. இன்றைக்கு இருக்கிற டைவர்ஷன் நாளைக்கு இருக்காது. ராத்திரியில் எதிரில் லைட்டே போடாமல் டிராக்டர் வரும். தப்பு செய்கிறவன் கட்டட்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

ஆனால் அந்தப் பரிந்துரையில் யார் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்? வண்டியின் பதிவு உரிமையாளர். ஓட்டினது யாராக இருந்தாலும் அவர்தான். இங்கேதான் வயிறு எரிகிறது. காய்ச்சல், கல்யாணம், கருமாதி என்றால் நாங்கள் ஆக்டிங் டிரைவரிடம் சாவியைக் கொடுக்கிறோம். அவன் சிக்னலைத் தாண்டினால் அவன் லைசென்ஸ் சுத்தமாக இருக்கும். என் வண்டி நம்பரில் கறை ஏறும். அவன் அடுத்த நாள் வேறொருவர் வண்டியில் ஏறி அதே வேகத்தில் போவான். அமெரிக்காவில் குடித்து ஓட்டிப் பிடிபட்டவனின் பதிவு அவனோடேயே போகிறது. எந்தக் காரை எடுத்தாலும் அவனுக்குத்தான் பிரீமியம் ஏறுகிறது. இங்கே இரும்புக்குத் தண்டனை, ஆளுக்கு விடுதலை.

கேட்க வழியில்லை என்றும் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, போலீஸ் கேட்டால் ஓட்டினது யார் என்று உரிமையாளர் சொல்லியாக வேண்டும் என்கிறது. என்னை யாராவது கேட்டார்களா? கேமரா வைத்துப் பிடித்தால் 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், படம் ஆதாரமாக இருக்க வேண்டும், கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே போர்டு வைக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசே விதி போட்டது. என்னிடம் பணம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்த விதி தெரியாதா?

அப்பா நெசவாளர் சொசைட்டிக்குச் சேலை கொண்டுபோய்க் கொடுப்பார். கோர்வையில் பிசகு இருந்தால் கூலியில் பிடிப்பார்கள். பிடிக்கும் முன்னே சேலையைப் பிரித்து, வெளிச்சத்தில் விரித்து, இழை விட்ட இடத்தில் விரல் வைத்துக் காட்டுவார்கள். அப்பாவும் குனிந்து பார்ப்பார். தன் பிசகு என்று தெரிந்தால் பேசாமல் வந்துவிடுவார். பக்கத்துத் தறிக்காரர் சேலையில் இருந்த பிசகுக்கு அவர் கூலியைப் பிடித்ததே இல்லை. படிப்பறிவு குறைந்தவர்கள் நடத்தின இடத்தில் இருந்த நியாயம், கம்ப்யூட்டர் வைத்து நடத்துகிற இடத்தில் இல்லையே!

இன்னொன்றையும் யோசிக்க மாட்டேன் என்கிறார்கள். நாட்டில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இன்ஷூரன்ஸ் இல்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2024-ல் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை இரண்டாயிரம், மறுபடி பிடிபட்டால் நாலாயிரம். மூன்றாம் நபர் காப்பீடே பன்னிரண்டாயிரத்தைத் தொடும்போது, இரண்டு மாதம் வாடகை சரியாக ஓடாத ஒருவன் என்ன கணக்குப் போடுவான்? பிடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே? அவன் வண்டியில் அடிபட்டுக் காலை இழக்கிற கூலிக்காரர் யாரிடம் நஷ்டஈடு வாங்குவார்? தீர்ப்பாயம் தொகை போட்டாலும் கொடுக்க அவனிடம் என்ன இருக்கிறது? தப்பாக ஏற்றுகிற ஒவ்வொரு ரூபாயும் கடைசியில் ரோட்டோரம் நடந்து போகிறவர் தலையில்தான் விழுகிறது.

நேற்று ஏஜென்ட் தம்பி மறுபடி கூப்பிட்டார். என் நம்பரில் இன்னொரு சலான் நிற்கிறதாம். நான் போயே அறியாத ஊரில் ஸ்பீடாகப் போனேனாம். அன்றைக்கு வண்டி எங்கள் வாசலில் நின்றது. சவாரி நோட்டில் அந்தத் தேதி காலியாகக் கிடக்கிறது. "சீக்கிரம் கட்டிடுங்கண்ணே, எஃப்.சி. வருதுல்ல" என்றார். இந்தத் தடவை கட்டப்போவதில்லை. புகார் எழுதியாகிவிட்டது. கோர்ட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும். சவாரி நோட்டோடு வருகிறேன். அவர்கள் படத்தோடு வரட்டும்.