அஜாக்கிரதை யாருடையது?

கூரம் கிராமத்தில் விவசாயத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கம்பெனி பஸ்ஸில் ஆலைக்குப் போய்வரும் வாலிபர் ஒருவர் வலது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் இல்லை. “நிர்வாகம் என்ன சொல்லிற்று?” என்று கேட்டோம். “என் அஜாக்கிரதை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்” என்றார். விபத்து நடந்தது விடியற்காலை நாலு மணிக்கு. அவர் தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த வேளை!

தோழர்களே! ‘அஜாக்கிரதை’ என்பது முதலாளிகளின் பழைய கேடயம். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. யாரோ ஒரு தொழிலாளியின் நாசவேலை என்றது யூனியன் கார்பைட் கம்பெனி. உண்மை என்ன? தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது. ஆட்களும் குறைக்கப்பட்டனர், பயிற்சியும் குறைக்கப்பட்டது. அஜாக்கிரதை யாருடையது?

தூரத்துக் கதை அல்ல இது. 2010 அக்டோபர் 31-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் இளம் பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி மாண்டார். 2023 மார்ச் 22-ல் நமது காஞ்சிபுரத்தை அடுத்த குருவிமலையில் பட்டாசு வெடித்துப் பல குடும்பங்கள் அனாதையாயின. வயலிலும் சாவு உண்டு. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பூச்சிமருந்து தெளித்தவர்கள் 20 பேருக்கு மேல் விஷமேறி இறந்தனர்.

ஆண்டுதோறும் மார்ச் 4-ல் பாதுகாப்பு தினம் கொண்டாடுகிறார்கள். வாசலில் தட்டி, உறுதிமொழி, மிட்டாய்! மறுநாள் அதே வேகம், அதே ஓவர்டைம். பாதுகாப்புப் போதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோறு போல அதுவும் வேண்டும். ஆனால் தூக்கத்தில் தள்ளாடுகிறவனுக்கு உபதேசம் செய்து பயனில்லை.

நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்க வேண்டாம். உற்பத்திக் கணக்கை எட்டுவதற்காகக் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு. சங்கமும் பெரும்பாலும் பிணம் விழுந்த பிறகே நஷ்டஈடு கேட்டுப் புறப்படுகிறது. இது மாற வேண்டும்.

போபாலுக்குப் பின், 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் கமிட்டி வந்தது. 2025 நவம்பர் 21-ல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது, 20 பேர் என்றாயிற்று. சிறு பட்டறைத் தொழிலாளி வெளியே தள்ளப்பட்டான்.

ஆகவே நாமே துவங்குவோம். ஒவ்வொரு இலாகாவிலும் மாதம் ஒரு முறை, வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு பாதுகாப்புக் கூட்டம் நடத்தக் கோருவோம். தமிழிலும், வடக்கிலிருந்து வந்த தோழர்களின் மொழியிலும் அது நடக்கட்டும். காண்ட்ராக்ட் தொழிலாளியும் அதில் உட்காரட்டும். தப்பிப் பிழைத்த விபத்துக்களை நோட்டில் எழுதுவோம். எழுதியவரை யாரும் தண்டிக்கக் கூடாது. மூடியில்லாத இயந்திரத்தைத் தொட மாட்டோம் என்று ஒருவன் தனியாகச் சொன்னால் வேலை போகும். ஷிப்டே சேர்ந்து சொன்னால் மூடி வரும். வயலிலும் அப்படியே. கையுறையும் முகமூடியும் மருந்தோடு வராவிட்டால் தெளிப்பானைத் தோளில் ஏற்றாதீர்கள்.

பஸ் ஏறிப் போகிற பிள்ளை பத்து விரலோடு வீடு திரும்ப வேண்டும். அந்தக் கோரிக்கைக்கும் போராடுவோம்!