கூடத்து வானொலிப் பேழை

பழைய வானொலிப் பெட்டியைப் புதிதாக்கித் தரவல்ல ஓடாவியார் எவரேனும் உளரோ என்னும் வினா, விடுமுறைக்கு ஊர்வரும் அன்பர்களால் அண்மைக்காலமாக நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகின்றது. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழும் பிள்ளைகள், புளியங்கூடலிலோ சரவணையிலோ நாரந்தனையிலோ உள்ள தாய்வீட்டைத் திறந்து துப்புரவு செய்யுமிடத்து, அறை மூலையிற் சாக்குப் போர்த்தபடி அப்பெட்டியைக் காண்கின்றனர். பாட்டனார் கொழும்பிற் கடை வைத்திருந்த காலத்திற் கொண்டுவந்த பெட்டி அது. அதனைப் பளபளப்பாக்கித் தம்முடன் கொண்டுசெல்ல விழைகின்றனர். விருப்பம் நல்லதே. எனினும், பளபளப்பு என்ற சொல்லைக் கேட்குந்தோறும் நமக்குச் சிறிது அச்சம் உண்டாகின்றது. அதன் காரணத்தை இவ்வாரம் எடுத்துரைப்போம்.

வானொலி ஒலிப்பதற்கு மரப்பேழை கட்டாயமன்று. 1949ஆம் ஆண்டில் வட றொடீசியாவில், மின்சாரம் இல்லாத ஆபிரிக்கக் கிராம மக்களுக்கென எவர் ரெடி நிறுவனத்தார் செய்து கொடுத்த மலிவுப் பெட்டி, அலுமினியச் சட்டி ஒன்றினுள்ளே அமைக்கப்பட்டிருந்தது. விலை ஐந்து பவுண். சட்டிக்குள் இருந்தும் குரல் தெளிவாகவே வந்தது. அவ்வாறாயின் மரம் எதற்கு? தொடக்கத்தில் வானொலி என்பது கம்பிகளும் கண்ணாடிக் குமிழ்களுமாய், ஆய்வுகூடத்திலிருந்து வழிதவறி வந்ததுபோற் கிடந்த ஒரு கருவி. அது வீட்டுக் கூடத்தினுள் நுழையவேண்டுமாயின் மேசை நாற்காலிகளுடன் ஒருங்கே அமரத்தக்க உருவம் பெறல் வேண்டும். இங்கிலாந்தில் மேர்பி நிறுவனத்தார் இதனை நன்குணர்ந்து, பேழை வகுக்கும் பணியை ஆர். டி. றசல் என்பாரிடம் ஒப்புவித்தனர். அவருடைய தமையனார் கோடன் றசல் புகழ்பெற்ற தளபாடக் கலைஞர். மேர்பிப் பேழைகளைச் செய்வதற்கென்றே றசல் நிறுவனத்தார் 1935இல் இலண்டன் பார்க் றோயலில் ஒரு தொழிற்சாலை திறந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் எக்கோ நிறுவனம், வெல்ஸ் கோற்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த வட்டவடிவப் பேக்கலைற்றுப் பெட்டியை வெளியிட்டு, மரமே வேண்டா என்று காட்டிற்று. மரமாயினும் பேக்கலைற்றாயினும், பேழையை ஆக்கினோர் அதனை வெறும் மூடியாகக் கருதவில்லை.

நம் நாட்டில் முறையான ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16ஆந் திகதி கொழும்பில் தொடங்கியது. 1949இல் அது றேடியோ சிலோன் ஆயிற்று. எஸ். பி. மயில்வாகனனாரின் குரலுக்கும், சானா என்ற சண்முகநாதனார் தயாரித்த நாடகங்களுக்கும் காத்திருந்த தலைமுறையைப் பற்றி இப்பத்திரிகை வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மின்சாரம் எட்டாத தீவகத்து வீடுகளுக்குப் பற்றரியில் இயங்கும் பெட்டிகளே ஏற்றவையாயிருந்தன. வால்வுகளுக்குத் தொண்ணூறு வோல்ற்று ஒருபுறமும், ஒன்றரை வோல்ற்று மறுபுறமும் வேண்டும். அப்பெரிய பற்றரிக்கு இடம் வேண்டியே அப்பேழைகள் அகன்று அமைந்தன. பின்பக்கத்திற் காணப்படும் வெற்றிடத்தின் பொருள் இதுவே. பற்றரி போனபின் அவ்விடத்திற் கடிதங்களும் உறுதிகளும் சீட்டுக்காசும் குடியிருந்த வீடுகள் உண்டு.

பின்னர் வந்த காலம் வேறு. 1990இலும் 1991இலும் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கைகளின்போது தீவுப்பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சிறிய றான்சிஸ்ரர் பெட்டியைச் சைக்கிள் டைனமோவுடன் இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்ட அந்நாட்களை நம் வயதினர் மறக்கமாட்டார். அம்மிதிப்புக்கு வால்வுப் பெட்டி இணங்காது. ஆதலால் கூடத்தில் வீற்றிருந்த பெரிய பேழை பயனற்ற பாரமாயிற்று. சில அடுப்புக்குச் சென்றன. சில கோழி அடைகாக்கும் கூடாயின. பூட்டிய வீடுகளிற் கிடந்தவற்றுட் பல கறையானுக்கு இரையாயின. இவையெல்லாம் கடந்து ஒரு பேழை இன்றும் இருக்கின்றதெனின், அதனை யாரோ ஒருவர் வேண்டுமென்றே காப்பாற்றியிருக்கின்றார் என்பது பொருள்.

புளியங்கூடலில் நாம் அறிந்த ஒரு வீட்டில் அத்தகைய பெட்டி ஒன்று உளது. மேற்பலகையில் விளக்கடி சுட்ட கருவட்டம் ஒன்று. முகப்பிலே, ஆண்டுதோறும் ஆயுதபூசைக்கு வைத்த சந்தனம் ஊறிய மங்கல். பேரன் வெளிநாட்டிலிருந்து வந்து, வார்னிஷ் பேணி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, எவ்வளவு தேய்க்கவேண்டும் என்று நம்மைக் கேட்டார். நாம் விடை கூறுமுன் ஆச்சி இடைமறித்தார். “தம்பி, வள்ளத்திலை அக்கரைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பெட்டி இது. அந்த வட்டம், இவர் செய்தி கேக்கேக்கை விளக்கை வைச்ச இடம். அதையும் அழிச்சுப்போட்டால், பிறகு நான் என்னத்தைப் பாக்கிறது?” பேரன் பேணியைத் திறக்கவில்லை. அன்று மாலை நாம் செய்ததெல்லாம் பஞ்சும் கையுமாக அழுக்கைத் துடைத்தது மட்டுமே.

நாம் கண்டவரையில், இப்பேழைகளுக்கு இன்று நேரும் கேட்டிற் பெரும்பங்கு கறையானால் நேர்வதன்று; ஆர்வத்தினால் நேர்வது. 1930களிலிருந்து 1950கள் வரை வந்த பேழைகளுட் பல முழுப்பலகையால் ஆனவையல்ல. ஒட்டுப்பலகையின் மேல், தடித்த கடதாசியளவே கனமுள்ள வால்நட் மரத்தகட்டை ஒட்டி, அதன்மேல் லாக்கர் விசிறியிருப்பர். ஓரங்களிலும் அடிக்கட்டையிலும் காணப்படும் கருமையை அழுக்கென எண்ணிச் சுரண்டுவோர் பலர். அது அழுக்கன்று, மரத்தின் இயல்பான நிறமுமன்று. மலிவான வெளிறிய மரத்தை வால்நட்டோடு இசைவிக்கும் பொருட்டு, லாக்கரிற் சாயங் கலந்து தொழிற்சாலையில் விசிறிய நிழல் அது. அதனைக் களைந்தால் உள்ளே வெண்பலகை பல்லிளிக்கும். தேய்க்குந் தாளை இன்னும் நான்கு முறை இழுத்தால் வால்நட் தகடே கிழிந்து ஒட்டுப்பலகை வெளிப்படும். அதன்பின் உலகத்து வார்னிஷ் அனைத்தையும் பூசினும் பயனில்லை. கடையில் விற்கும் பொலியூரித்தேன் வார்னிஷோ, கண்ணாடி போல் ஒளிர்ந்து, பேழையை உணவுக்கடை மேசையின் உடன்பிறப்பு ஆக்கிவிடும். பிற்பாடு அதனை நீக்குவதும் அரிது.

முதலிற் செய்யத்தக்கது, மேற்பூச்சு யாது என்று அறிதல். அடிப்புறத்தில் மறைவான ஓரிடத்தில் மெதிலேற்றட் ஸ்பிரிற்று நனைத்த பஞ்சினை ஒற்றிப்பார்க்க. பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ். இளகாமல், தின்னருக்கு இளகினால் அது லாக்கர். இச்சோதனைக்கு முன்னரே, சோப்புநீரிற் பிழிந்தெடுத்த துணியால் மெல்லத் துடைத்து உடனே உலர்த்துதல் நன்று. பூச்சுக் கெட்டுவிட்டது என்று கைவிடப்பட்ட பல பெட்டிகளில் இருந்தது விளக்குப்புகையும் கையெண்ணெயும் மட்டுமே. அரக்குப் பூச்சு வெடித்திருப்பின், புதிய அரக்கை ஸ்பிரிற்றிற் கரைத்து, துணிப்பந்தால் மெல்லிய படைகளாக ஒற்றினால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். எமது ஓடாவியார்கள் நன்கறிந்த வேலை இது. லாக்கராயின் கீறல்களுக்கு மட்டும் சாயமிட்டு, மேலே மெழுகு தேய்த்து நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

ஒட்டு விட்டுப்போன தகட்டைக் கண்டு கலங்கவேண்டா. பழைய பேழைகளிற் பெரும்பாலும் வச்சிரமே பசை. மாரிகாலத்து ஈரத்தில் அது நெகிழ்ந்து, தகடு கொப்புளம் போல் எழும்பும். நெகிழ்ந்தது மீண்டும் பிடிக்கும் என்பதே வச்சிரத்தின் பெருஞ்சிறப்பு. ஈரத்துணியை மேலே விரித்து, இளஞ்சூடான இஸ்திரிப்பெட்டியை ஒரு கணம் வைத்தெடுத்து, பின் பலகையிட்டுப் பாரமேற்றி ஓரிரவு விட்டால் ஒட்டிக்கொள்ளும். சூட்டினால் மேற்பூச்சு சிறிது வெளிறக்கூடும். அதனைப் பின்னர்ச் சீராக்கலாம். பிற்காலப் பெட்டிகள் சிலவற்றிற் செயற்கைப் பசை உண்டு. அவை சூட்டுக்கு மசியமாட்டா. அங்கும் புதிய வச்சிரத்தையே உட்செலுத்துதல் நலம். நாளை மற்றொருவர் கழற்றிச் சீர்செய்ய நேர்ந்தால், நம் கைவேலை அவருக்குத் தடையாகலாகாது. வண்டு உளுத்த துளைகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அது பூச்சில் கறையாக ஊறும். கடையிற் கிடைக்கும் மரக்காப்பு மருந்தை ஊசியாற் செலுத்துவதே முறை.

அலைவரிசை காட்டும் கண்ணாடியைப் பற்றித் தனியே எச்சரிக்கவேண்டும். ஹில்வர்சம், லக்செம்பேர்க் என நாம் ஒருநாளும் காணாத ஊர்ப் பெயர்கள் அதிலே வரிசையாக நிற்கும். அவ்வெழுத்துகள் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய வண்ணத்தால் அச்சிடப்பட்டவை. ஈரத்துணி பட்டதும் ஊர்கள் அத்தனையும் கையோடு வந்துவிடும். உட்புறத்தை மென்தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்துக. ஒலிபெருக்கியை மறைக்கும் துணி நைந்திருந்தால், சரிகைச் சேலைத் துண்டை வைத்துத் தைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பார்வைக்கு மணவறை போலத்தான் இருக்கும். ஆனால் நெருக்கமான நெசவு ஒலியை மறிக்கும். இழைவிலகிய மங்கல் நிறத்துணியே ஏற்றது.

பேக்கலைற்றை உருக்கி ஒட்ட முடியாது. 1907இல் லியோ பேக்லன்ட் கண்ட இப்பொருள் ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாது. வெடித்ததை எபொக்சிப் பசையால் உட்புறமாக இணைக்கலாம். மங்கியதை மோட்டார் வண்டிப் பொலிஷால் மென்மையாகத் தேய்க்கலாம். நீரில் ஊறவைத்தலும் வெயிலிற் காயவைத்தலும் ஆகா.

இனி உயிர்ப்பாதுகாப்பு. பெட்டியைக் கண்டதும் மின்சாரத்திற் செருகிப் பார்க்கும் ஆவலை அடக்குக. வகை பல உண்டெனினும், ஏசி, டிசி இரண்டிலும் இயங்குமாறு செய்யப்பட்ட பெட்டிகளில் உள்ளிருக்கும் இரும்புத்தட்டே மின்னோட்டத்துடன் இணைந்திருக்கும். அங்கே பேழை அழகுக்கு மட்டுமன்று. மனிதரையும் மின்சாரத்தையும் பிரிக்கும் சுவரும் அதுவே. பின்மூடி இல்லாமல் அத்தகைய பெட்டியைப் பாவித்தலாகாது. திருகிகளின் ஆணித்துளைகளில் மெழுகு நிரப்பியிருப்பதும் விரல் ஆணியைத் தொடாதிருத்தற் பொருட்டே. துப்புரவு செய்கையில் அம்மெழுகை எடுத்தால் மீண்டும் நிரப்பவேண்டும். வால்வுகளுக்கு மேலே சாம்பல் நிறத் தடித்த தாள் ஒட்டியிருந்தால் அது கல்நாராக இருக்கலாம்; அதனைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது.

உள்ளமைப்பை அகற்றி, கைப்பேசிப் பாட்டுக்கு ஒலிபெருக்கி பொருத்தலாமா என்று கேட்போர்க்கும் ஒரு சொல். 1941இல் தொடங்கிய இலண்டன் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பே 2017 ஏப்பிரலில் நின்றுவிட்டது; பழைய பெட்டி பழைய குரலையே மீட்டுத் தரும் என்று நாமும் வாதிடோம். ஆனால் உள்ளமைப்பை எறிந்துவிட்டால் அது வானொலியாக மீளும் வழி அடைபட்டுவிடும். பற்றரிப் பெட்டியாயின் பின்பக்க வெற்றிடத்தில் சிறிய ஒலிபெருக்கியை, ஓர் ஆணியும் அறையாமல் வைத்துக்கொள்ளலாம். ஊரிலேயே விட்டுச்செல்வோர் பேழையை நிலத்தில் வையாது மேசைமீது, சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்து, மாரிக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் பின்மூடியைத் திறந்து பார்க்கும்படி அயலவரிடம் சொல்லிச் செல்க.